நட்சத்திரத்துக்குப் பின்னால் இருந்த மீட்டர்

1

இந்தக் கதை ஒரு கரண்ட் பில்லிலிருந்து வந்தது. கற்பனையில் ஒன்றும் உதிக்கவில்லை. கேட்டில் செருகியிருந்த தாளை உருவிப் பார்த்ததில் வந்தது. முந்நூற்றுப் பதினெட்டு ரிங்கிட். அதற்கு முந்திய மூன்று மாதங்களும் அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு.

இதில் வரும் லெஸ்லி நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிப் பத்தியில் உங்களைத் திடுக்கிட வைக்கும் எண்ணம் இல்லை. 'நான்' என்று எழுதிப் பார்த்தேன். நாலு வரிக்குள் அந்த 'நான்' சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிட்டது. 'அவன்' கொஞ்சம் அடங்கி இருப்பான்.

முதல் ஆரம்பம்: 'செனாயில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில்—'

மழை இல்லை. மண்டையைப் பிளக்கும் வெயில். விட்டுவிட்டேன்.

இரண்டாவது ஆரம்பம்: 'மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் அதைத் தின்றதாக யார் மேல் வேண்டுமானாலும்—'

இது ஆரம்பம் இல்லை, கோபம். கோபம் வரட்டும். ஆட்கள் வந்த பிறகு வரட்டும்.

2

ஆட்கள் நாலு பேர். மரியநாதன், ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அவர் மனைவி டொரத்தி. அவர்கள் மகன் லெஸ்லி, தொழிற்சாலையில் இரவு ஷிப்டு ஏழு மாதம் பார்த்து, ஜனவரியில் நின்றுவிட்டவன். நாலாவது ஷர்மைன், டொரத்தியின் தங்கை மகள், இருபது வயது.

ஷர்மைன் டிசம்பர் முதல் வாரம் லாயாங் லாயாங்கிலிருந்து வந்தாள். லெஸ்லி இருந்த அதே தொழிற்சாலையில் வேலை. பெரியம்மா வீட்டுப் பின் அறையில் படுக்கை. மாதம் நூற்றைம்பது ரிங்கிட்டை டொரத்தி கையில் கொடுத்துவிடுவாள். பிப்ரவரி கடைசியில் அவளை இரவு ஷிப்டுக்கு மாற்றினார்கள். லெஸ்லியால் தாங்க முடியாமல் போன ஷிப்டை அவள் முணுமுணுக்காமல் பார்த்தாள். காலையில் வந்து, குளித்து, பின் அறையில் மேசை விசிறியைக் காலுக்கு நேராக வைத்துக்கொண்டு தூங்குவாள்.

(அவள் முகத்தை வருணிக்க மூன்று முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் பாவப்பட்ட பெண்ணாக வந்து நின்றாள். அவள் அப்படி இல்லை. சோற்றில் மீன் துண்டு சின்னதாக விழுந்தால் வாய்விட்டுக் கேட்கிறவள்.)

மார்ச் பத்தாம் தேதி பில் வந்தது. சாயங்காலம் ஆறு மணி. ஷர்மைன் யூனிஃபார்மில், ஃபேக்டரி பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றாள்.

"முன்னூத்திப் பதினெட்டு! இது வீடா, ஹோட்டலா?" என்றார் மரியநாதன்.

"பெரியப்பா, நான் ஃபேன் மட்டும்தான் போடுறேன்."

"மூணு மாசம் அறுவத்திரெண்டு. நீ நைட் ஷிப்டு போனதும் முன்னூறு. பகலெல்லாம் என் ரூம்புல ஏர்கோன் போட்டுப் படுத்தா வராம என்ன செய்யும்?"

"உங்க ரூம்புக்குள்ள நான் காலே வச்சதில்ல. அண்ணன் வீட்லதான இருக்காங்க, கேட்டுப் பாருங்க."

எல்லோரும் லெஸ்லியைப் பார்த்தார்கள். லெஸ்லி கைப்பேசியைப் பார்த்தான்.

"அவன ஏன் இழுக்குற? அவன் என்ன கரண்ட்டயா திங்குறான்?"

டொரத்தி தன் பாணியில் தடவிக்கொடுத்தாள். "கோவிச்சுக்காத மா ஷர்மி. ஃபேக்டரி ஹோஸ்டல்ல உன் கூட்டாளிங்க இருக்காங்கல்ல? அங்கன்னா உனக்கும் சௌரியம்."

மறுநாள் காலை அவள் ஒரு பையோடு வாசலில் நின்றாள். "பெரியம்மா, ஃபேன அடைச்சிட்டேன். பிளக்கயும் உருவிட்டேன். வந்து பாத்துக்குங்க. அப்புறம் என் பேர்ல எழுதிறாதீங்க."

2 (மறுபடி)

மேலே ஒரு இடத்தில் ஏமாற்றினேன். 'லெஸ்லி கைப்பேசியைப் பார்த்தான்' என்பதோடு நகர்ந்துவிட்டேன். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விடும் அந்த வீட்டில் பகலில் விழித்திருந்தவன் அவன் ஒருவன்தான். அவள் ஏர்கோனைத் தொடவில்லை என்று அவனுக்குத் தெரியும். எப்படி நிச்சயமாகத் தெரியும் என்றால், ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை அப்பாவின் அறையில் அந்த ஏர்கோனுக்குக் கீழே படுத்திருந்தவன்—

சரி. எழுதியாயிற்று. வேலையை விட்டவனுக்கு வீட்டில் பேச்சு எடுபடாது என்று ஒரு பத்தி வைத்திருந்தேன். அதை அடித்துவிட்டேன். எடுபடுகிறதா என்று அவன் பேசிப் பார்க்கவே இல்லை.

3

ஏப்ரல் பில்: நூற்று இருபத்தொரு ரிங்கிட்.

மரியநாதன் அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். "பாத்தியா? ஆளு போனா, பில்லு எறங்குது. நான் சொன்னப்ப என்னமோ பாவம் செஞ்ச மாதிரி பாத்தீங்க." ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் இரண்டு பேரிடம் சொன்னார். அந்த இரண்டு பேர் போதும். பேச்சு லாயாங் லாயாங்குக்குப் போய்விட்டது. ஷர்மைனின் அம்மா டொரத்தியை அழைத்து, "என் பொண்ணு செஞ்சதுக்கு மன்னிச்சிரு அக்கா" என்று சொல்லி, இருநூறு ரிங்கிட்டை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டாள்.

டொரத்தி வாங்கிக்கொண்டாள்.

அன்று மத்தியானம்தான் லெஸ்லி பில்களைத் தேடி எடுத்தான். டிசம்பரிலிருந்து ஐந்து தாள்கள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினான்.

இங்கே கதையை நிறுத்தித் திட்டப்போகிறேன். நீங்கள் வேண்டுமானால் 5-க்குப் போய்விடலாம். அந்த வீட்டில் நாலு பேரும் படிக்கத் தெரிந்தவர்கள். நாலு பேரும் அந்தத் தாளில் படித்தது ஒரே ஒரு எண். தாளும் அப்படிப் படிக்கப்படத்தான் விரும்புகிறது: எவ்வளவு கட்டவேண்டும் என்பது தடித்த எழுத்தில், ஏன் கட்டவேண்டும் என்பது எறும்பு அளவில். காரணம் கண்ணில் படாத இடத்தில் மனிதர்கள் சும்மா இருப்பதில்லை; ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். வீட்டில் கடைசியாக வந்த ஆளை. வாடகைக்கு இருப்பவரை, வேலைக்காரியை, மருமகளை. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்திருப்பார்.

4

(நீக்கிவிட்டேன். அதில் லெஸ்லி இரவெல்லாம் அழுதான். அவன் அழவில்லை.)

5

எறும்பு எழுத்தில் இருந்தது இது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்றிலும் 'அங்காரான்' என்று அச்சடித்திருந்தது. மதிப்பீடு. மீட்டரைப் பார்க்க முடியாத மாதங்களில் பழைய பில்களை வைத்து உத்தேசமாக ஓர் எண்ணைப் போடுகிறார்கள்: மாதம் 240 யூனிட். மார்ச்சில் மீட்டரை நிஜமாகப் பார்த்ததும் விட்டுப்போனதெல்லாம் ஒரே பில்லில் வந்து விழுந்தது: 840. நாலு மாதத்தையும் கூட்டி நாலால் வகுத்தான். மாதம் 390.

ஏப்ரலில், ஷர்மைன் இல்லாமல், 372.

ஆக, ஆள் போனதால் இறங்கியது பதினெட்டு யூனிட். 240 என்பது 390 ஆனது ஏன் என்பதற்கு இரண்டாம் பக்கமே தேவையில்லை. நவம்பர் தள்ளுபடி விற்பனையில் மரியநாதன் தன் அறைக்கு ஏர்கோன் வாங்கினார். இரவு எட்டுக்குப் போட்டால் விடியும்வரை ஓடும். பதினெட்டு டிகிரி, மேலே தடித்த போர்வை. மத்தியானத்துக்கு மகன்.

மீட்டரை ஏன் பார்க்க முடியவில்லை? லெஸ்லி வாசலுக்குப் போய் நின்று பார்த்தான். மீட்டர் வீட்டு முகப்புப் போர்ச்சின் சுவரில், கேட்டுக்கு வெளியே நின்றாலே தெரியும்படி இருந்தது. இப்போது.

மரியநாதன் ஒவ்வொரு ஆண்டும் பங்குக் கோயிலில் நடக்கும் குடில் போட்டிக்கு நவம்பர் கடைசியிலேயே போர்ச்சில் கிறிஸ்துமஸ் குடில் கட்டிவிடுவார். இந்த முறை பின்னணிக்கு ஆளுயரப் பலகை. நீல வானம், நடுவில் வால் நட்சத்திரம். இரண்டாம் பரிசு கிடைத்தது. பரிசு வாங்கிய குடிலைப் பிரிக்க மனம் வராமல் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வரைக்கும் வைத்திருந்தார். மூன்று மாதமும் மீட்டர் பார்க்க வந்தவர் வானத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

(குடில், இடம் இல்லை என்று அனுப்பப்பட்ட ஒருத்தி. பைபிள் ஒப்பீடு தானாக வந்து மடியில் விழுகிறது. எடுத்து வெளியே வைத்துவிட்டேன். அது இருந்தால் கதை அழகாகிவிடும், மரியநாதன் தப்பித்துவிடுவார்.)

6

"பா, மூணு மாசமா மீட்டர யாரும் பாக்கவே இல்ல."

"ஏன் பாக்கல?"

"நீங்க மறச்சி வச்சிருந்தீங்க. குடிலு."

மரியநாதன் தாள்களை வாங்கிப் பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. அது புரிந்த முகம்தான். பிறகு அந்த முகத்தை மூடிக்கொண்டார்.

"அப்ப சாமி பொறந்ததுனால பில்லு ஏறிருச்சுன்றியா?"

"ஏர்கோன்னால ஏறுச்சு. குடிலுனால தெரியல."

"ஏர்கோன் என் காசு லா! நீ எத்தன மாசமா சம்பாதிக்கல? அத மொதல்ல கணக்கு போடு."

டொரத்தி கதவோரம் நின்றிருந்தாள். "அந்த இருநூற என்னங்க செய்றது?"

"வச்சிரு. திருப்பிக் குடுத்தா தப்பு நம்ம மேலன்னு ஆயிரும்."

இந்தக் கடைசி வரியை நான் எழுதவில்லை. அவர் சொன்னதை அப்படியே வைத்திருக்கிறேன். ஒரு சொல்லைக்கூடத் திருத்தத் தேவைப்படவில்லை.

7

முடிவுகள்.

முதல் முடிவு: மரியநாதன் ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு லாயாங் லாயாங் போகிறார். மச்சினி கையில் இருநூறைக் கொடுத்து— எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது: டொரத்தி யாருக்கும் தெரியாமல் பணத்தைத் திருப்பி அனுப்புகிறாள். இது நடக்கலாம். ஆனால் பணம் மட்டும்தான் திரும்பும். கோயில் வாசலில் சொன்னது அங்கேயே கிடக்கும்.

மூன்றாவது நடந்தது. லெஸ்லி ஐந்து பில்களின் இரண்டாம் பக்கங்களையும் படம் எடுத்து, யூனிட் எண்களைச் சிவப்பில் வட்டமிட்டு, ஷர்மைனுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினான். 'உன் மேல தப்பே இல்ல மா' என்று கீழே போட்டான். நியாயம் செய்துவிட்ட நிம்மதியோடு காத்திருந்தான். அவள் ஷிப்டு முடிந்து காலையில் பார்த்தாள்.

அவள் பதில் ஒரே வரி.

'எனக்கு அப்பவே தெரியும் அண்ணா. உங்களுக்குந்தான தெரியும்?'

அதற்கு ஒரே ஒரு சொல்லில் பதில் சொல்லலாம். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மேலே எழுதியிருக்கிறேன். யூனிட், வகுத்தல், பலகை, நட்சத்திரம், அப்பாவின் போர்வை.

ஆமா.

இதற்கு அடுத்து அவளுக்கு என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பு கேட்கும் வரிகள் நாலைந்து போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 'நான்' சமாதானம் சொல்கிறான். உங்கள் வீட்டிலும் ஒரு மாதம் பில் ஏறியிருக்கும், நீங்களும் ஹாலில் இருந்திருப்பீர்கள். 'ஆமா'வுக்கு அடுத்த அந்த இரண்டாவது வரியை நீங்கள் எழுதுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

ஆமா, ஷர்மி.