தொண்ணூத்தாறாவது வீடு

பேய்க்குப் பயப்படலாம், பாம்புக்குப் பயப்படலாம். தன் தலைக்குள்ள தானே கட்டிவச்ச ஒரு தண்ணித் தொட்டிக்குப் பயந்து நடுங்கறதை எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா? சுகன்யா நடுங்கினா.

எல்லாம் அந்த ஞாபகசக்தி வகுப்பால வந்த வினை. ரெண்டாயிரத்து மூணாம் வருஷம், ஆரணியில ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில, ஞாயித்துக்கிழமை தோறும் தென்னரசுன்னு ஒருத்தன் நடத்தினான். வெம்பாக்கத்துக்காரன், சுகன்யாவைவிட ஆறு வயசு சின்னவன். ஆனா பேச்சு இருக்கே, அம்மாடி! கணக்குல 'பை'ன்னு ஒரு எண் வருமில்ல, மூணு புள்ளி ஒண்ணு நாலுன்னு? புள்ளிக்கு அப்புறம் அது முடியவே முடியாதாம். அதுல ஆயிரம் இலக்கத்தைப் பார்க்காம சொன்னா, மாவட்டத்துலயே மொதல் ஆள் நீங்கதான்க்கான்னு ஏத்திவிட்டான். ப்ளஸ் டூவோட படிப்பை நிறுத்திக் கட்டிக்குடுத்த பொண்ணு அவ. விடுவாளா?

முறை ஒண்ணும் கஷ்டமில்ல. இலக்கத்தைப் பத்துப் பத்தாப் பிரிக்கணும். பத்துக்கு ஒரு வீடு, தெரிஞ்ச வீடா. ரெண்டு ரெண்டு இலக்கத்துக்கு ஒரு ஆளோ, ஒரு பொருளோ. அதுங்களை அந்த வீட்டுக்குள்ள விட்டு ஒரு கூத்து நடத்தணும். அப்புறம் மனசாலயே தெருவுல நடந்துபோய் வீடு வீடா எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியதுதான். "சும்மா உக்காந்திருக்கிற மாதிரி வச்சா நிக்காதுக்கா. சிரிப்பு வரணும், இல்ல குலை நடுங்கணும்"னான் தென்னரசு.

சுகன்யாவோட பாதை பஸ் ஸ்டாண்டுல ஆரம்பிச்சு, மூணு தெரு சுத்தி, தொண்ணூத்தாறாவதா அவ வீட்டுக்கு வரும். நாலு வாசல் தள்ளி, நூறாவதா பிள்ளையார் கோயில். ஆரம்பத்துல ஒரே குஷி. மாமியார் ஜெயத்துக்கு எழுபத்தெட்டாம் நம்பர். எதிர்ல நின்னு ஒரு வார்த்தை பேச முடியாத மாமியாரை மொபெட்ல ஏத்திக் குப்பைமேட்டுல தள்ளினா யார் கேக்கப் போறாங்க? மொபெட்டுக்கு அம்பத்தேழு. இருபத்திமூணாவது வீட்டு சாவித்திரியைப் பலாப்பழத்து மேல உக்காரவச்சு மாடிப்படியில உருட்டிவிட்டா. அடுப்பாண்ட நின்னு தனியாச் சிரிச்சிகினு இருப்பா.

பேஜார் பண்ணது தொண்ணூத்தஞ்சும் தொண்ணூத்தாறும்தான். தொண்ணூத்தஞ்சாவது வீட்டுக் கூத்து மொபெட்டுலயும் மாமியார்லயும் முடியுது. அடுத்த வீட்டு நடுவுலயும் அதே மொபெட், அதே மாமியார். இதுலேர்ந்து அதுக்கு வழுக்கி விழுந்து, நடுவுல ஆறு இலக்கம் தினமும் காணாமப் போச்சு. தென்னரசுகிட்ட போய் அழாத குறை. "ரொம்பப் பிரியமானவங்களை ரொம்பக் கொடூரமா வச்சுப் பாருங்கக்கா. ஜென்மத்துக்கும் மறக்காது"ன்னான்.

பதினெட்டு, சங்கு. சைபர் அஞ்சு, அவ மக லாவண்யா, வயசு அஞ்சு. முப்பத்திரண்டு, பின்கட்டுத் தண்ணித் தொட்டி. வாசல்ல சாவுச் சங்கு ஊதறாங்க. மொபெட்டுல மாமியார் அலறிகினு வரா. உள்ள, குழந்தை தொட்டியில குப்புற மிதக்குது.

ஒரே தடவைதான் நினைச்சா. அதுக்கப்புறம் ஒரு இலக்கம் பிசகல.

ஐப்பசி மழையில சாவித்திரி நிஜமாவே மாடிப்படியில வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிஞ்சுது. சரி, மழைக்காலம், யாரும் விழலாம். பதினஞ்சு நாள் கழிச்சு அதே தெரு லோகநாதன் கண்ணுல கட்டோட ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தார். கூத்துல, அம்பத்தெட்டாவது வீட்டுல அவர் கண்ணைச் சிவப்புப் பட்டால கட்டினது சுகன்யா. அன்னைக்கு அவளுக்குச் சோறு எறங்கல.

தொட்டித் தண்ணியை மொத்தமா எறைச்சுக் கொட்டிட்டுப் பலகையைப் போட்டு மூடினா. "பாத்திரம் எதுல கழுவறது, உன் தலையிலயா?"ன்னு ஜெயம் கத்தினா. என்னன்னு சொல்றது? உங்க பேத்தியை நான் தினமும் சாகடிச்சிகினு இருக்கேன் அத்தேன்னா? குழந்தை கொல்லைப்பக்கம் போனா பின்னாடியே ஓடினா. குளிக்க ஒரு சொம்புதான் தண்ணி குடுத்தா.

படத்தை அழிக்கத் தென்னரசுகிட்டயே வழி கேட்டா. "மேல வேற ஒண்ணை வச்சுப் பாருங்கக்கா." வச்சா. குழந்தை தொட்டி ஓரத்துல காகிதக் கப்பல் விடற மாதிரி வச்சா. ஒரு நிமிஷம் இருக்கும், அப்புறம் கப்பல் கவுந்துடும், குழந்தையும் கவுந்துடும். போட மட்டும் சொல்லிக்குடுத்தியே பாவி, எடுக்கச் சொல்லிக்குடுத்தியாடான்னு மனசுக்குள்ள கத்தினா. வெளிய, "சரிங்க சார்"னுட்டு வந்துட்டா.

இதுக்குள்ள புருஷன் குமரேசன், அவ ஊர் முன்னாடி ஆயிரம் இலக்கத்தையும் சொல்றதுக்குக் கல்யாண மண்டபம் பேசி, நோட்டீஸ் அடிச்சு, ஊரெல்லாம் குடுத்துட்டு வந்து நின்னான். மனுஷனுக்கு அவ்வளவு பெருமை. அவன் மூஞ்சியைப் பார்த்து வேணாம்னு சொல்ல அவளால ஆகல.

மண்டபத்துல முன்னூறு பேர். ரெண்டு கணக்கு வாத்தியாருங்க தாளை வச்சுகினு சரிபார்த்தாங்க. முன்வரிசையில குமரேசன், மாமியார், நடுவுல புது கவுன்ல லாவண்யா. சுகன்யா தெருவுல நடந்தா. அம்பது வீடு. எழுபது. தொண்ணூறு. புடவை முதுகோட ஒட்டிப்போச்சு. தன் வீட்டு வாசல் கிட்ட வரவர ஒண்ணுதான் தோணுச்சு: இத்தனை பேர் முன்னாடி இதைப் பார்த்து வாயால சொல்லிட்டா, இது நடந்தே தீரும்.

"ஒம்பது மூணு ஏழு அஞ்சு, ஒண்ணு ஒம்பது அஞ்சு ஏழு, ஏழு எட்டு." நின்னுட்டா.

"இன்னும் முப்பது செகண்டுமா"ன்னார் வாத்தியார்.

உள்ள சங்குச் சத்தம் கேக்குது. அவ கண்ணைத் தொறந்து மகளைப் பார்த்தா. ஆயிரமாவது, மாவட்டமாவது! எனக்கு எம் பொண்ணு போதும்.

"இதுக்கு மேல வரலைங்க"ன்னா மைக்குல.

உச்சுக்கொட்டினாங்க எல்லாரும். அப்ப லாவண்யா நாற்காலி மேல ஏறி நின்னா. "அம்மா! ஒண்ணு எட்டு, அஞ்சு ஏழு, ஏழு எட்டு, சைபர் அஞ்சு, மூணு ரெண்டு!"

வாத்தியாருங்க தாளைப் பார்த்தாங்க, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தாங்க. மண்டபமே கைதட்டுது, குமரேசன் விசிலே அடிச்சுட்டான். சுகன்யா மேடையிலயே உக்காந்துட்டா. மேடைக்கு ஓடிவந்த குழந்தையை இழுத்து மடியில போட்டுகினு, "உனக்கு எப்படிடீ தெரியும்?"னா.

"நீதான் சமைக்கும்போது நம்பரோட சேர்த்துச் சொல்லிகினே இருப்பியே. சங்கு, மொபெட்டு, ஆயா, நானு, தொட்டி." குழந்தை அவ காதுகிட்ட வந்து, குரலைத் தணிச்சுகினு கேட்டுது. "கண்ணை மூடினா எனக்கும் அதுதாம்மா வருது. நான் தண்ணியில கெடக்கறேன். சங்கு ஊதறவங்க வராங்க, ஆயா வருது. நீ மட்டும் ஏம்மா வரவே மாட்டேங்கற?"