பதினோரு மைல் துரத்திய கெளுத்தி

போன ஜூலையில் முப்பதடி நீளக் கெளுத்தி மீன் ஒன்று நெடுஞ்சாலையில் எங்களைப் பதினோரு மைல் துரத்தியது. நான் எழுபதில் ஓட்டினேன். அதுவும் எழுபதில் வந்தது. அதற்கு மூச்சுகூட வாங்கவில்லை.

இதைக் கேட்டுச் சிரிக்காதவர் மின்னசோட்டாவில் இல்லை. சிரிக்கட்டும். என் கவலையெல்லாம் ஒரே ஆளைப் பற்றித்தான். என் மனைவி லவோனின் அண்ணன் ஹார்லன். மீன் துரத்தியபோது எங்கள் வீட்டுவண்டிக்குள்ளேயே இருந்தவர். அவரே, "அப்படி ஒண்ணும் நடக்கல மாப்ளே" என்று ஒரு வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சாதித்துவந்தார்.

வீட்டுவண்டி என்றால் கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் கூடவே வரும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து நாங்கள் மூவரும் கோடை முழுவதும் அதில்தான் திரிகிறோம். சாலையோரம் எந்த ஊர்க்காரன் எதைப் பெரிதாகச் செய்து வைத்திருந்தாலும் இறங்கிப் பார்த்துவிடுவோம். தண்ணீர்த் தொட்டி உயரப் பசு, முள்வேலிக் கம்பிக்கென்றே ஓர் அருங்காட்சியகம், மாடி வைத்துக் கட்டிய கொல்லைப்புறக் கழிப்பிடம் (மேல்தளம் யாருக்கு என்று மட்டும் கேட்காதீர்கள்) என்று எதையும் விட்டதில்லை.

டால்பெர்க் என்ற சிற்றூரின் பெருமை அந்தக் கெளுத்திதான். உள்ளே வெறும் கூடு, வெளியே ஃபைபர். சக்கரம் வைத்த மேடையில் நிற்கும். திருவிழாவன்று அதை ஊர்வலமாக இழுத்துப் போவார்கள். அன்று இழுக்க வேண்டிய டிராக்டர் மக்கர் செய்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான், "தேவாலயத்துப் பக்கம் நிக்கற பழுப்பு வண்டி இழுக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அங்கே பழுப்பு வண்டிகள் இரண்டு நின்றன. நாங்கள் ஹாட் டாக் தின்றுகொண்டிருந்தபோது, மீனை எங்கள் வண்டியின் பின்கொக்கியில் மாட்டிவிட்டார்கள்.

எங்கள் வண்டியில் ஒரு சட்டம் உண்டு. கிளம்பும் முன் ஹார்லன் இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்சுவரில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். அன்றும் இரண்டு தட்டு கேட்டது. கிளம்பினேன்.

வண்டி கொஞ்சம் கனத்தது. எதிர்க்காற்று என்று நினைத்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் எதிரே வண்டியில் வருகிறவர்கள் வணக்கத்துக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத்தான் தூக்குவார்கள். அன்று எல்லோரும் முழுக்கையையும் ஆட்டினார்கள்.

"என்னங்க இது, இன்னிக்கு ஜனங்க இவ்வளவு பாசமா இருக்காங்க?" என்றாள் லவோன்.

"என் முகராசி" என்றேன்.

பெட்ரோல் பங்கில் இருந்த பெண்தான் கேட்டாள்: "மீனுக்கும் சேர்த்துப் போடணுமா?"

திரும்பிப் போய் மீனை ஒப்படைத்தபோது ஊர்வலம் இரண்டு மணி நேரம் தாமதம். நான் காதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹார்லனோ, "நான் சுத்திப் பாத்தப்ப ஒண்ணுமே இல்ல. அந்த பங்குக்காரங்கதான் விளையாட்டுக்கு மாட்டிவிட்டுட்டாங்க" என்று அடித்துச் சொன்னார்.

"உங்க அண்ணன் வண்டியை விட்டு இறங்கவே இல்லடி!"

"ஒரு கொசு நம்ம நாயைத் தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்ன ஆளு நீங்க. உங்க பேச்சை யாரு நம்புவா?" என்றாள் லவோன். தீர்ப்பும் சொல்லிவிட்டாள்: தப்பு செய்தவர்தான் இனிமேல் கழிவறைத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். அன்றிலிருந்து முகாமுக்கு முகாம் ரப்பர் கையுறையோடு குனிந்து நிற்பது நான். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "குழாயை நல்லா திருகு மாப்ளே, போன தடவ ஒழுகுச்சு" என்று யோசனை சொல்வது அவர்.

இந்த ஜூலையில் வேண்டுமென்றே வண்டியை டால்பெர்க்குக்கு விட்டேன். விழாத் தலைவி பெர்னீஸ் எங்கள் பழுப்பு வண்டியைப் பார்த்ததும் ஓடி வந்தாள். கையில் தகரக் கிரீடம்.

"ஓடிப்போன மீனைப் பாக்க இந்த வருஷம் மூணு மடங்கு கூட்டம்! மீன் முதுகுல ராஜா மாதிரி உட்கார்ந்து வரணும் நீங்க. வாங்க, வண்டி ஓட்டினவரே!"

ஒரு வருஷமாகக் காத்திருந்த நேரம். வாயைப் பணிவாக வைத்துக்கொண்டேன்.

"எனக்கெதுக்கும்மா? தட்டினாத்தான் நான் கிளம்புவேன். மரியாதையெல்லாம் தட்டினவருக்குத்தான் சேரணும். ஆனா பாருங்க, எங்க மச்சான் அப்படி எதுவுமே நடக்கலங்கறாரு."

"அடடா, அப்ப கிரீடத்தை அந்த டிராக்டர்காரருக்கே குடுத்துடறேன்" என்று பெர்னீஸ் திரும்பினாள்.

ஹார்லனின் கண் கிரீடத்தோடு கூடவே போயிற்று. எழுபத்திரண்டு வயதில் அவரை இதுவரை யாரும் எதற்கும் ராஜாவாக்கியதில்லை.

லவோன் வண்டிக்குள் போய், ரப்பர் கையுறையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "கிரீடம் வேணும்னா இதையும் சேர்த்துத்தான் வாங்கிக்கணும், அண்ணே."

ஹார்லன் கையுறையைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். மெல்ல இருமினார்.

"நில்லுங்கம்மா. நடந்தது நிஜந்தான். கட்டில்ல படுத்து சிப்ஸ் தின்னுக்கிட்டே, உள்ளேருந்துதான் ரெண்டு தட்டு தட்டினேன். போற வழியெல்லாம் பின் ஜன்னல் வழியா அந்த மீனு என்னையே பாத்துக்கிட்டு வந்துச்சு."