துஷ்டி வீட்டு டியூஷன்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் இரண்டு கண்ணும் அவிந்துபோகட்டும். அந்த வெளிநாட்டு ஊரில் செத்தவர்களுக்கு இங்கிலீஷ் தெரிந்தால்தான் அடக்கம். கல்லறைத் தோட்டத்து வாசலில் காவலாளி மூன்று கேள்வி கேட்பான். செத்தவர் எழுந்து உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெட்டியை வீட்டுக்கே திரும்பத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

நாகர்கோவில் ஏசுவடியான் அங்கே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். மூன்று வருஷமாகியும் மனைவி ரோசம்மாளைக் கூட்டிக்கொள்ள வழியில்லை. தனியாக ஏழு பேருக்கு டியூஷன் எடுத்து முடித்தவருக்குத்தான் குடும்ப விசா என்பது சட்டம். பேக்கரிக் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டினார். போன் நம்பரைக் கிழித்துக்கொள்ள வசதியாக அடியில் வால் வாலாக வெட்டியும் வைத்தார். ஒரு வாலும் கிழியவில்லை.

“சாகும்போது பாத்துக்கறோம் சார்,” என்றாள் பேக்கரிக்காரி.

அதன்பிறகு ஊரில் துக்க மணி அடித்தால் துஷ்டி வீட்டில் முதல் ஆளாக நின்றார். ஒரே பனிக்காலத்தில் ஏழு பேர் கிடைத்தார்கள். பெட்டியருகே ஸ்டூலைப் போட்டு, பேர், ஊர், பார்த்த வேலை மூன்றையும் உருப்போட வைத்தார். செத்தவர்கள் நல்ல மாணவர்கள். வேடிக்கை பார்க்க மாட்டார்கள்.

தப்பு வேறு இடத்தில் நடந்தது. வாத்தியார் வாய்திறந்து விடைபெற்றால்தான் அங்கே பாடம் முடிந்ததாக அர்த்தம். நம் ஆட்கள் துஷ்டி வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புவார்களா? சொன்னால் சாவு நம் வீட்டுக்கல்லவா வந்து சேரும்! ஏசுவடியான் ஏழு வீட்டிலும் சத்தமில்லாமல் நழுவினார். பாடம் முடியாத ஏழு பேரும் பெட்டியை விட்டிறங்கி, அவர் பின்னாலேயே வந்து, அறையில் சுவரோரமாக நின்றுகொண்டார்கள்.

மூன்றாம் வாரம் அவர்களில் ஒருவரான தையற்காரரின் மனைவி வந்தாள். “சார், ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவருக்கு மூட்டுவலி. எத்தனை நாளைக்குத்தான் நிப்பாரு?”

விசா ஆபீசிலும், விடைபெறாத மாணவரை ஏழு பேர் கணக்கில் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்றுவிட்டார்கள்.

ஏசுவடியான் ஊருக்குப் போன் போட்டார். “சொன்னேன்னா உனக்குத்தான் ஆகாது, ரோசம்மா.”

“அங்க ஏழு பொணத்தோட நீங்க, இங்க ஒத்தையில நான். இதைவிட என்ன ஆகாமப் போகும்? மூட்டுவலிக்காரரை நிக்க வெச்சிருக்கீங்களே, வாத்தியாருக்கு வெக்கமா இல்ல? சொல்லித் தொலைங்க.”

ஒவ்வொருவராகக் கைகுலுக்கி விடைகொடுத்தார். ஏழு பேரும் வரிசையாகப் போய், மூன்று கேள்விக்கும் பதில் சொல்லி, மண்ணுக்குள் இறங்கினார்கள். மறுநாள் காலையில் விசா வந்தது. மத்தியானம் ரோசம்மாள் போய்விட்டாள் என்று தகவல் வந்தது. கிடைத்த விசாவை வீணாக்குவானேன் என்று சொந்தக்காரர்கள் அவளைப் பெட்டியிலேயே அனுப்பிவைத்தார்கள். விமான நிலையத்தில் மூடிமேல் முத்திரை குத்தினார்கள்.

இப்போது தினமும் மாலையில் அவளுக்குப் பாடம். பேர் என்ன என்று இங்கிலீஷில் கேட்டால், ஒருநாள் ‘செவ்வாய்க்கிழமை’ என்கிறாள், ஒருநாள் ‘இரண்டு கிலோ’ என்கிறாள். மாதம் ஒருமுறை காவலாளியிடம் போய்த் தோற்றுவிட்டு, வரும் வழியில் இருவரும் மீன் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

ரோசம்மாள் எம்.ஏ. இங்கிலீஷ். இது காவலாளி காதுக்கு எட்டக்கூடாது. யாராவது கேட்டால் பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்கள் என்று சொல்லுங்கள். என் பேரை மட்டும் இழுத்துவிடாதீர்கள்.