அவைத்தலைவர் வழியாக

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மாமனார் லூசியனும் என் கொழுந்தியாள் கோலெட்டும் பேசிக்கொள்வதில்லை. அப்பாவும் மகளும். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். அமெரிக்காவின் வெளியுறவுக் கொள்கை அழைக்காமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"வெர்மான்ட் மாநிலத்தின் வடக்கு விளிம்பில், கனடா எல்லையை ஒட்டிய ஹார்லோ என்ற ஊர் பனிக்கு அடியில்..."

விட்டுவிட்டேன். பனி எல்லாருடைய கதையிலும் இருக்கிறது.

இரண்டாவது:

"என் மனைவி மாரென் அக்டோபரில் இறந்தபோது..."

இதையும் விட்டுவிட்டேன். இந்த வாக்கியத்துக்கு இரண்டாம் பாதி என்னிடம் இல்லை.

2

மாரென் இருந்தவரை அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். உண்மையில் அவர்கள் மாரெனிடம் பேசினார்கள். அவள் எடுத்துப் போய்க் கொடுத்தாள்.

"நம்ம அப்பா டிவியில வர்றதெல்லாம் வேதவாக்குன்னு நம்புறாரு" என்பாள் கோலெட். மாரென் தொலைபேசியை எடுத்து, "அப்பா, நீங்க நெறைய செய்தி பாக்கறீங்களாம், கோலெட்டுக்கு ஆச்சரியமா இருக்காம்" என்பாள். லூசியன் மறுமுனையில் கத்துவது எனக்குக் கேட்கும். மாரென் தங்கையிடம் திரும்பி, "அப்பா உன்னை விசாரிச்சாரு" என்பாள்.

அவள்தான் எங்கள் வெளியுறவுத் துறை. அவள் போன பிறகு தூதரகம் மூடப்பட்டுவிட்டது. குளிர்காலம் முழுவதும் லூசியன் தன் பால்பண்ணையில் இருந்தார். கோலெட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையும் தன் வீடுமாக இருந்தாள். எனக்கு மிஞ்சிய சொந்தம் இந்த இரண்டு பேர்தான். அவர்கள் பிரிந்தால் நான் இரண்டு வீடுகளுக்கும் விருந்தாளி. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

(மேலே உள்ள பத்தியில் கொஞ்சம் அழுகிற குரல் வந்துவிட்டது. திருத்த முயன்றேன். முடியவில்லை.)

3

மார்ச் முதல் செவ்வாய், பள்ளியின் கூடைப்பந்து அரங்கில் ஊர்க்கூட்டம். ஊரில் ஓட்டுரிமை உள்ள எல்லாரும் வரலாம், பேசலாம், கை தூக்கலாம். முதல் வேலை அவைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பது. வழக்கமான தலைவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. ஊர் எழுத்தர் பெர்னிஸ் என் பெயரைச் சொன்னாள்.

"ஏன் நான்?"

"இந்த வருஷம் ஊர்ல எதப் பத்தியும் கருத்து இல்லாத ஒரே ஆளு நீதான், வெண்டல்."

உண்மை. மறுக்கக்கூட எனக்குக் கருத்து இல்லை.

எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு விதிதான் எல்லாருக்கும் மனப்பாடம். யாரும் யாரோடும் நேராகப் பேசக் கூடாது. எதைச் சொன்னாலும் அவைத்தலைவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வேலித் தகராறில் கைகலந்தவர்களைக்கூட இந்த விதி ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்திருக்கிறது.

காலை முழுவதும் சாலை போடும் கிரேடர் வாங்குவதா, பழையதையே ஓட்டுவதா என்று போனது. ஹாலிஸ் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் அதற்கு மட்டும் நாலைந்து முறை எழுந்தார். விதி மீறப்படுகிறது என்று ஒழுங்குப் பிரச்சினை கிளப்புவது அவருடைய பொழுதுபோக்கு. மதியம், பீன்ஸும் பன்றித் தொடையும் மேப்பிள் பாகு ஊற்றிய பை என்ற பலகாரமும் தின்றுவிட்டு எல்லாரும் திரும்பினார்கள். கடைசி விஷயம் உலகம். அதைக் கொண்டுவந்தவள் கோலெட்.

4

அவள் தீர்மானம் சுருக்கமானது. நாடாளுமன்றமான காங்கிரஸ் வாக்களிக்காமல் எந்த நாட்டின் மீதும் போர் தொடுக்கக் கூடாது. கனடாவோடு நடக்கும் வரிச் சண்டையை நிறுத்த வேண்டும். இதை ஹார்லோ மக்கள் வாஷிங்டனுக்குச் சொல்கிறார்கள்.

வாஷிங்டனில் யாரும் ஹார்லோவின் தீர்மானத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஹார்லோவுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே கம்பளிச் சட்டையோடு மடக்கு நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்து, உலகத்தை என்ன செய்யலாம் என்று வரிசையில் நின்று பேசுகிறார்கள். நான் இந்த மக்களை நேசிக்கிறேன் என்று எழுதலாம். இப்போதைக்கு, நேசித்தது ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன்.

இங்கே லூசியனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவர் தலையில் அதிபரின் ஆதரவாளர்கள் அணியும் சிவப்புத் தொப்பி வைத்தேன். கோலெட் கையில் பதாகை கொடுத்தேன். அப்படிச் செய்ததும் இரண்டு பேரும் தொலைக்காட்சிக்குள் போய்விட்டார்கள். எடுத்துவிட்டேன். அவர் தொப்பி தீவனக் கம்பெனி சும்மா கொடுத்தது. நிறம் பச்சை.

அவர் எழுந்தார்.

"மாப்ள..." என்று தொடங்கி, "சரி, அவைத்தலைவரே. எனக்கு ஒரு விஷயம் புரியல. மாடு கன்னு போட முடியாம தவிக்கும்போது நான் கமிட்டியா கூட்டுறேன்? கைய உள்ள விட்டு இழுக்கறேன். நாட்டுக்குத் தலைவன்னு ஒருத்தன் இருக்கறது எதுக்கு?"

கைதட்டல். கோலெட் எழுந்தாள்.

"அவைத்தலைவரே, முன்னாடி பேசினவர்கிட்ட ஒண்ணு கேளுங்க. மாடு தவிச்சா அவரு யாரக் கூப்பிடுவாரு? எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவுல இருக்கற மாட்டு டாக்டர் ரெஜானத்தானே? அந்த ஆளு இப்போ போன எடுக்கறாரான்னு கேளுங்க."

சிரிப்பு. லூசியனின் காது சிவந்தது.

"ரெஜான் நல்லவன்தான், அவைத்தலைவரே. அவன் கவர்ன்மென்ட்டு? நம்ம பால ஒரு சொட்டு உள்ள விடாது. அத்தன வருஷம் வரி போட்டது அவங்க. நாம திருப்பிப் போட்டதும் நாம ரவுடியா? உலகம் பூரா நம்ம தலையில மொளகா அரைச்சாச்சு. ஊருக்கெல்லாம் காவல் நாம, பால் வெல மட்டும் ஏறவே இல்ல."

"பால் விஷயம் நியாயம்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள் கோலெட், என்னைப் பார்த்தபடி. "ஆனா அந்த வரியால அவரோட தீவனம் வெல ஏறிச்சே, அது யாரு தலையில அரைச்சதுன்னு கேளுங்க. அப்புறம் குண்டு. நான் வார்டுல ஒரு குழந்தைக்கு ஊசி குத்தணும்னா டாக்டர் கையெழுத்து வேணும். ஒரு ஊரையே கொளுத்த ஒருத்தர் கையெழுத்து போதுமாம். அவருக்கு இது சரியாப் படுதான்னு கேளுங்க."

லூசியன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார்.

"படல" என்றார். "ஆனா காங்கிரஸ்ல இருக்கறவங்க கையெழுத்து போட்டா மட்டும் அது ஊசியாயிடுமா? அந்தக் கும்பல நான் என் கோழிக்கூட்டுக்குக்கூட காவல் வைக்க மாட்டேன். அத அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

"அந்தம்மாவுக்குக் காது கேக்குதுன்னு சொல்லுங்க!"

* இந்த இடத்தில் வாசகர் யார் பக்கம் என்று முடிவு செய்திருப்பார். நான் செய்யவில்லை. இரண்டு பேர் சொல்வதும் சரி என்று எழுதி நழுவுவது என் நோக்கமில்லை. கோலெட் சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது என்று பேனா சொல்கிறது. அந்த மேடையில் நின்றபோது எனக்கு எதுவுமே படவில்லை. நான் கவனித்தது வேறு. அவர்கள் என் வழியாகப் பேசிய ஒவ்வொரு சொல்லும் திருத்தப்படாமல் போனது. மாரென் இருந்திருந்தால் பாதியை விழுங்கியிருப்பாள். எனக்கு விழுங்கத் தெரியவில்லை. எல்லாம் அப்படியே மறுபக்கம் போய்ச் சேர்ந்தது.

5

கையெண்ணிக்கை தெளிவாக இல்லை. ஆதரிப்பவர்கள் சமையலறைச் சுவர் பக்கம், எதிர்ப்பவர்கள் மேடைக்கு இடப்பக்கம் என்று பிரிந்து நிற்கச் சொன்னேன். அப்பா ஒரு சுவர். மகள் எதிர்ச் சுவர். பெர்னிஸ் எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"சரிபாதி" என்றாள். "நீதான் முடிக்கணும்."

அவைத்தலைவருக்கு அப்படி ஒரு ஓட்டு உண்டு. அவர் போடாவிட்டால் தீர்மானம் தோற்கும். ஆக, கருத்தே இல்லாத ஆளுக்கும் விதி ஒரு கருத்தைக் கொடுத்துவிடுகிறது.

இங்கிருந்து மூன்று பிரதிகள் எழுதினேன்.

ஒன்று: நான் "ஆம்" என்கிறேன். லூசியன் தொப்பியை அணிந்துகொண்டு வெளியே போகிறார். அவருடைய வண்டி கிளம்பும் சத்தம்...

இரண்டு: நான் "இல்லை" என்கிறேன். கோலெட் அழவில்லை. அதுதான் மோசம். அவள் என்னைப் பார்த்து...

மூன்று: நான் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் வீட்டுக்குப் போகிறார்கள். நானும்...

மூன்றும் கிழிந்தன. மூன்றிலும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

6

நடந்தது இது.

நான் மேடையில் நின்றேன். வாய் வரவில்லை. இரண்டு சுவர்களும் என்னையே பார்த்தன. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கையில் இருந்த தண்ணீர்க் குவளை சாய்ந்து சட்டையெல்லாம் நனைந்ததை நான் கவனிக்கவே இல்லை.

"கோலெட்." லூசியனின் குரல். "இவன் சாப்பாட்ட எடுக்கவே இல்ல. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"பாத்துட்டு சும்மா இருந்தீங்களாப்பா?"

"நீதானே நர்ஸு!"

"பாத்தது நீங்கதானே! நான் அந்தக் கோடியில பை வெட்டிட்டு இருந்தேன்."

"அவன் எளச்சுப் போனது உனக்கு அந்தக் கோடியிலேருந்தே தெரிஞ்சிருக்கணும்."

ஹாலிஸ் துள்ளி எழுந்தார். "ஒழுங்குப் பிரச்சினை, அவைத்தலைவரே! அவங்க நேரா பேசிக்கறாங்க!"

"ஹாலிஸ், உக்காரு" என்றாள் பெர்னிஸ்.

அவர்கள் நிறுத்தவில்லை. லூசியன் எதிர்ப்பவர்களின் சுவரை விட்டு நகர்ந்து பாதி அரங்கம் வந்திருந்தார். கோலெட்டும். எந்தப் பக்கமும் இல்லாத இடத்தில், கூடைப்பந்து நடுவட்டத்துக்குள் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கத்தினார்கள். என்னைப் பற்றி. பிறகு தீவனத்தைப் பற்றி. பிறகு கனடாவைப் பற்றி. பிறகு மாரென் பெயர் வந்தது. இருவருடைய குரலும் தாழ்ந்தது. எனக்குக் கேட்கவில்லை.

விதிப்படி நான் மேசையைத் தட்டியிருக்க வேண்டும்.

7

தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெர்னிஸ் எழுதி வைத்திருப்பாள். நான் எழுதப் போவதில்லை. அந்த ஓட்டை உங்களிடம் தருகிறேன். போரைப் பற்றியும் வரியைப் பற்றியும் உங்களுக்குக் கருத்து இருக்கும். மேடைக்கு வாருங்கள். இரண்டு சுவர்களையும் பாருங்கள். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் உங்கள் விருப்பம்.

ஒரே ஒரு வேண்டுகோள். நடுவட்டத்தில் நிற்கும் அந்த இரண்டு பேரும் பேசி முடிக்கட்டும். அதுவரை முடிவை அறிவிக்காதீர்கள்.