நெல்லுச்சோறும் சென்னியம்மாளின் நிறமும்

வெண்ணந்தூர்ப் பக்கத்தில் பண்ணையம் பார்க்கிற அப்புசாமிக்கு ஒரே ஒரு வீம்பு. தன் வீட்டு அடுப்பில் களி கிண்டக் கூடாது. கல்யாணப் பந்தலில் மச்சான் ராசப்பன், "எம் பொறந்தவளப் போயும் போயும் களிதின்னி ஊட்டுக்குக் குடுக்கறனே" என்று நாலு பேர் காதுபடச் சொல்லிவிட்டான். அந்தச் சொல் அப்புசாமியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

அந்த ஊர்களில் அரிசிச் சோறு பண்டிகை நோம்பிக்குத்தான். மற்ற நாளெல்லாம் கம்பும் ராகியும். அப்புசாமியோ கடலைக்காய் நல்ல விலைக்குப் போனதும், ராசிபுரத்து மில்லில் பளபளவென்று தீட்டிய அரிசியை மூட்டை மூட்டையாக இறக்கினான். பெண்டாட்டி சென்னியம்மாள் கீரை கடையட்டுமா என்று கேட்டால், "அது ஆடு திங்கறது அம்மிணி" என்பான்.

சென்னியம்மாள் நாளுக்கு நாள் வெளுத்தாள். பக்கத்து வீட்டுக் காளியாத்தாள், "நெல்லுச்சோறு மேனியில பேசுதுங்க" என்றாள். அப்புசாமிக்குத் தலைகால் புரியவில்லை. அவள் சுவர் மண்ணைச் சுரண்டித் தின்றபோதும், மாசமாக இருக்கிறவளுக்கு மசக்கை என்று சிரித்துக்கொண்டான்.

கிணற்றடியில் குடத்தைத் தூக்கியவள் அப்படியே சரிந்து விழுந்த அன்றுதான் சிரிப்பு நின்றது.

வண்டி கட்டிச் சேலத்துக்கு ஓட்டினான். டாக்டர் ஞானதாஸ் அவள் கண் ரெப்பையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

"வீட்டில் என்ன சாப்பாடு?"

"வெறும் நெல்லுச்சோறுங்க. வேற எதையும் நான் தொட உடறதில்லீங்க!"

"அதுதான் முகத்திலேயே தெரிகிறதே. இது நிறம் இல்லைய்யா, சோகை. உடம்பில் ரத்தம் இல்லை. இப்படியே விட்டால் பிரசவத்தில் தாயும் தங்காது, பிள்ளையும் தங்காது. சீசாவில் மருந்து தருகிறேன், அது பாதிதான். மீதி உன் அடுப்பில் இருக்கிறது. கம்பு, ராகி, முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல், சுவரொட்டி என்கிற மண்ணீரல், தினம் ஒரு நெல்லிக்காய்."

வரும் வழியெல்லாம் அப்புசாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது.

ஆனாலும் குப்புற விழுந்தவன் மீசையில் மண் ஒட்டலாமா? "அரிசி ரொம்ப ஒசத்தி, அவ ஒடம்பு தாங்கலீங்க" என்று ஊரில் சொல்லி வைத்தான். கதவைச் சாத்திக்கொண்டு களி கிண்டினான். சட்டியைப் பருத்திக்கொட்டை மூட்டைக்குப் பின்னால் ஒளித்தான்.

களி உருட்டிய ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் ராசப்பன் வந்து நின்றான். சட்டி மூட்டைக்குப் பின்னால் பறந்தது. இரண்டு இலை போட்டு, அண்ணனுக்கும் தங்கைக்கும் ஊருக்குக் காட்ட வடித்திருந்த சோற்றை வெள்ளைவெளேரென்று படைத்தான் அப்புசாமி.

ராசப்பன் தங்கையை ஏற இறங்கப் பார்த்தான். "மாப்பிள்ளை, அன்னைக்கு நான் வாய்க்கு வந்ததப் பேசிப்போட்டேன். எம் பொறந்தவ அரமனைக்காரியாட்டம் வெளுத்திருக்கறா. இனி உங்களக் கொற சொல்ல எனக்கு வாயில்லீங்க."

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அப்புசாமி இத்தனை நாளும் காத்திருந்தான். இப்போது அது காதில் விழுந்தபோது அவன் பெண்டாட்டியின் இலையைப் பார்த்தான். சென்னியம்மாள் சோற்றைத் தொடவில்லை. அவள் கண் பருத்திக்கொட்டை மூட்டையின் மேலேயே இருந்தது.

"அது வெளுப்பு இல்லீங்க மச்சான்" என்றான் அப்புசாமி. "ரத்தம் இல்லீங்க. எம் வீம்புக்குச் சோத்தப் போட்டே அவளச் சாவடிக்கப் பாத்தனுங்க."

எழுந்து போய்ச் சட்டியை எடுத்து வந்தான். அவள் இலைச் சோற்றை ஒதுக்கிவிட்டு, களியும் முருங்கைக்கீரையும் வைத்தான். அவள் அள்ளி அள்ளித் தின்றாள்.

ராசப்பன் தன் இலையிலும் இடம் ஒதுக்கினான். "எனக்கும் ஒரு உருண்டை வையிங்க. பந்தல்ல பேசுன வாய்க்கு இதுதான் ஏத்தது."

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பார்க்க வந்தவர்களுக்கு அப்புசாமி முதலில் பிள்ளையைக் காட்டவில்லை. பெண்டாட்டியின் கண் ரெப்பையைக் கீழே இழுத்துக் காட்டினான்.

"பாத்தீங்களா, உள்ள எப்படிச் செவந்திருக்குது! மேலெல்லாம் பழையபடி கறுத்துப்போட்டாளுங்க!"