புகைக்கூண்டில் ஓடிய கார்

அக்ரிப்பினாவின் காரிலிருந்து வரவேண்டிய சத்தம் ஜெர்லாந்தோ வீட்டுப் புகைக்கூண்டிலிருந்து வர ஆரம்பித்தது, மொச்சை விலை இறங்கிய ஒரு மே மாதத்தில். எட்னா எரிமலைச் சரிவில் இருக்கும் ரோக்காநேரா ஊரில் அன்றைக்கு வேறு விசேஷம் எதுவும் இல்லை.

அக்ரிப்பினா ரொட்டிக்கடைக்காரி. அவளிடம் ஒரு பழைய ஃபியட் இருந்தது. மே மாத மலைப்பந்தயத்தில் அதை ஓட்டி, ஊர்ச் சதுக்கத்திலிருந்து உச்சித் தேவாலயம் வரை யாரும் ஏறாத வேகத்தில் ஏற வேண்டும் என்பது அவள் ஆசை. அதுவரை அதிவேகமாக ஏறியவர் ஜெர்லாந்தோ. பந்தய கிளப்பின் தலைவரும் அவரே, சத்தமானியை நீட்டி இரைச்சலை அளந்து, தேறிய வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுபவரும் அவரே. ஜன்னல் கண்ணாடியை உடைக்கிற அளவுக்கு இரையும் அவருடைய மருமகனின் கார் வருடா வருடம் தேறியது. அக்ரிப்பினாவை இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாவது முறையும் திருப்பிவிட்டால் ஆயுளுக்கும் பந்தயம் கிடையாது. "சத்தம் ஜாஸ்தி, தாயி. போய் அடுப்பப் பாரு" என்றார், ஊரே கேட்கும்படி. அவள் பிழைப்பே அடுப்புதான். ஆனாலும் அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை.

எப்படியும் குறைதான் சொல்லப்போகிறார், வேகமாவது கூடட்டும் என்று சைலன்சரை அறுத்து எறிந்தாள். குழாய் குறுகினால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும், ரொம்ப அகன்றால் ஏற்றத்தில் இழுவை செத்துவிடும். நடுவாந்திரமாக ஒரு குழாய் வாங்கினாள். உள்ளே மணலை இறுக்கி அடைத்துச் சூடுகாட்டி வளைத்தால்தான் குழாய் நசுங்காது. ஏப்ரலில் மலை கக்கிய கரிய சாம்பல்மணலைக் கூரையிலிருந்து பெருக்கி, ஆளாளுக்கு மூட்டை கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். அவள் கைக்கு அகப்பட்டது ஜெர்லாந்தோ வாசல் மூட்டை. நடந்ததற்கு வேறு காரணம் எதையும் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

சோதனையன்று அவள் முடுக்கியதும் சத்தமானியில் குருவிச் சத்தம்தான் பதிவானது. தெருமுனையில் ஜெர்லாந்தோவின் வீடு உறுமியது. அவர் மனைவி மிம்மா கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். "ஏங்க! நம்ம சிம்னிக்குள்ள யாரோ வண்டி ஓட்டுறாங்க!"

ஜெர்லாந்தோவின் முகம் வெளிறியது. "சத்தமே வராத வண்டிக்கு விதியில எடமில்ல."

"சத்தம் வரணும்னு எந்த விதியில இருக்கு, தலைவரே? காட்டுங்க பாப்போம்."

அவரால் காட்ட முடியவில்லை. ஆகவே திருப்பியும் அனுப்பவில்லை, ஸ்டிக்கரும் ஒட்டவில்லை. கெஞ்சிய காலம் போதும் என்று அக்ரிப்பினா நேராகப் போய் வரிசையில் நின்றாள். கொடிக்காரனும் கொடியை அசைத்துவிட்டான். சாலையோரத்தில் அன்று ஒரு ஈ காக்கை இல்லை. பந்தயம் கேட்பது புகைக்கூண்டில்தான் என்பதால் ஜனங்கள் முழுவதும் ஜெர்லாந்தோ வீட்டு வாசலில் திரண்டிருந்தார்கள். முப்பது வருடம் கணவரின் பந்தயப் பெருமையைக் கேட்டுக் காது பழுத்த மிம்மாவுக்கு ஒவ்வொரு வளைவும் அத்துப்படி. தலையில் கரி கொட்டக் கொட்ட பால்கனியில் நின்று கத்தினாள்: "மூணாவது கியர் போட்டுட்டா! கல்லறை வளைவத் தாண்டிட்டா! விடாதடி, மிதி!"

கணவரின் சாதனை முறிந்தபோது முதலில் கைதட்டியவளும் அவள்தான். ஸ்டிக்கர் இல்லாத வண்டியின் வெற்றி செல்லாது என்றார் ஜெர்லாந்தோ. மறுநாளிலிருந்து அக்ரிப்பினா மலைக்கிராமங்களுக்கெல்லாம் ரொட்டியை முழு வேகத்தில் கொண்டுபோனாள். ஜெர்லாந்தோ வீட்டில் தட்டுகள் அலமாரியிலிருந்து குதித்தன. வீட்டை ஆசீர்வதிக்க வந்த பாதிரியார் வாசலோடு திரும்பினார். அத்திப்பழம் பழுக்கும்வரை தாக்குப்பிடித்த மனிதர், கடைசியில் ஸ்டிக்கரும் கையுமாக ரொட்டிக்கடைக்கு வந்தார்.

"ஒட்டித் தொலைக்கிறேன். அந்தக் கொழாயக் கழட்டிடு, தாயி."

"கழட்ட மாட்டேன். என் வண்டி வாயே தெறக்கல, தலைவரே. கத்துறது உங்க வீடு. அதுல போய் ஒட்டுங்க."

விதிப்படி அவள் சொன்னது சரி. ஏணி வைத்து ஏறி, புகைக்கூண்டில் ஒட்டினார். வெற்றி அக்ரிப்பினாவின் பெயரில் பதிவானது. அன்றிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் கிளப்பிலிருந்து ஓர் ஆள் சத்தமானியோடு அந்தக் கூரைமேல் ஏறுகிறான். அளவு எப்போதும் வரம்பை மீறித்தான் இருக்கிறது. தலைவர் வீடு என்பதால் தேறிவிடுகிறது.