நடுவில் தண்ணீர்

மூத்தவள் மூன்றாவது ஐஸ் பாரைக் கம்பியால் பிளந்தபோது அதன் நடுவிலிருந்து தண்ணீர் கொட்டிக் காலை நனைத்தது. பேக்டரிக் கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்த கட்டிலுக்கு அடியில் அடுக்கத்தான் உடைத்துக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு பாரும் இப்படித்தான். வெளியே கெட்டி, உள்ளே தண்ணீர்.

அந்த ஐஸ் பேக்டரிக்குள்ளேயே வளர்ந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கேனில் தண்ணீர் ஓரத்திலிருந்துதான் உறையும், நடு கடைசியில். நேற்றுக் காலை நிரப்பிய கேன் இன்று காலை கல்லாகியிருக்க வேண்டும். ஆகவில்லையென்றால் இடையில் பல மணி நேரம் மெஷின் நின்றிருக்கிறது.

தம்பி போனில் சொன்னது வேறு. அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள், மெஷின் சத்தத்தில் தனக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்றான். வந்தவர்களிடமெல்லாம் அதையே ஒரு வார்த்தை மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தான். மாறாமல் சொன்னதுதான் அவளுக்கு உறுத்தியது.

மெக்கானிக் அடுத்த பாரை இழுத்துக்கொண்டு வந்தார்.

"நேத்து கரண்ட் போச்சாண்ணே?"

"இல்லயேம்மா. ஏழு மணிக்கு நான் கிளம்பறப்ப நல்லா ஓடிட்டிருந்துச்சு."

உடைந்த பாரைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

அப்பா செத்த அன்றுகூட அம்மா மெஷினை நிறுத்த விடவில்லை. அதற்கப்புறம் முப்பத்தொரு வருஷம் பேக்டரி அவள் கையில்தான். மெஷினுக்கு நேர் மேலே இருந்த அறையில் படுப்பாள். ஓடினால் தூங்குவாள். நின்றால் விழித்துக்கொள்வாள், அடுத்த நிமிஷம் இரும்புப் படியில் வெறுங்காலோடு, திட்டிக்கொண்டே இறங்குவாள். மெஷின் தும்மினால் முதலாளியம்மாவுக்குச் சளி பிடிக்கும் என்று ஆட்கள் அவள் முன்னாலேயே சொல்லிச் சிரிப்பார்கள். நெஞ்சுவலிக்குப் பிறகு, படி ஏறி இறங்கக் கூடாது என்றார் டாக்டர். அப்படியானால் மெஷின் நிற்கக் கூடாது என்றும் சேர்த்து எழுதிக் கொடுங்கள் என்று அவரிடம் கேட்டாள்.

போன மாதம் தம்பி பேக்டரியை விற்றுவிடலாம் என்று பேச்செடுத்தபோது மூத்தவளும் இருந்தாள். அம்மா சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மெஷின் நிக்கட்டும். அப்பறம் பேசலாம்."

மூத்தவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அம்மா படுக்கையில் செத்தாளா, படியில் செத்தாளா.

கால்பக்கம் போர்வையைத் தூக்கினாள். அம்மாவின் பித்தவெடிப்புகளில் படியின் துரு ஏறிக் கிடக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது. இன்று வெடிப்புகள் வெள்ளையாக இருந்தன. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வெடிப்பாகத் துடைத்திருக்கிறார்கள்.

தம்பி வந்து நின்றான்.

"காலை யாரு கழுவுனது?"

"நான்தான். அழுக்கா இருந்துச்சு."

"படுத்த எடத்துலயே போனவளுக்குக் கால்ல என்னடா அழுக்கு?"

அவன் போர்வையை இழுத்து மூடினான்.

"மெஷினை எப்ப நிறுத்துன?"

"நிறுத்தலக்கா." கட்டில் காலைப் பார்த்துச் சொன்னான்.

சித்தப்பா வந்து, வண்டி வந்துவிட்டது என்றார். ஐஸ் ஏன் இப்படித் தண்ணீராய் ஓடுகிறது என்று கேட்டார். வெயில் என்றாள் மூத்தவள்.

லோடு ஏற்றுகிறவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். எந்தப் பக்கம் திருப்புவது என்று சித்தப்பா கத்தியது மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவர் கையைக் காட்டினார். மெக்கானிக் சற்றுத் தயங்கி, போய் சுவிட்சை இறக்கினார். பெல்ட் இரண்டு சுற்று இழுத்துவிட்டு நின்றது.

முப்பத்தொரு வருஷப் பழக்கம். லோடு ஏற்றுகிறவர்கள், மெக்கானிக், மூத்தவள்கூட, எல்லாரும் இரும்புப் படியின் உச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தம்பி மட்டும் கடைசிப் படிக்குக் கீழே, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.